பந்தமேந்துவோரும் படம்பிடிப்போரும்: கண்டிப் பெரஹரா வீதியின் இரவு பற்றிச் சில குறிப்புகள்

கண்டி முன்னிரவிலேயே உறங்கிவிடும் நகரம். மலைகள் சூழ்ந்த அந்நகரின் கடைத்தெருக்கள் இருள் கவிந்த சிறிது நேரத்தில் வெறிச்சோடிவிடுகின்றன. பாரிஸின் மொன்மார்ட்டர் போன்று ஆண்டு முழுவதும் விழித்திருக்கும் கேளிக்கை வீதி அங்கில்லை. ஆயினும் எசல மாதத்தின் பத்து இரவுகளில் இந்நிலை முற்றாக மாறிவிடுகின்றது. தலதா வீதியிலும், முன்னர் திருகோணமலை வீதி எனப்பட்ட டீ. எஸ். சேனாநாயக்க வீதியிலும், இராஜ வீதியிலும் பிற்பகலிலிருந்தே மக்கள் பாய் விரித்து இடம் பிடிக்கின்றனர். கச்சான் விற்போர், தேநீர் விற்போர், பலூன் விற்போர் அவர்களிடையே நடமாடுகின்றனர். கடைவாசல்களும் மாடிச் சன்னல்களும் பார்வையாளர் மேடைகளாகின்றன. இருளில் முதலிற் கேட்பது சவுக்கடியின் ஓசை. பின்னர் பந்தங்களின் வெளிச்சமும் எரியும் கொப்பறாவின் மணமும் வருகின்றன. அதன் பின்னரே மேளமும் ஆட்டமும் யானைகளும் வருகின்றன. ஆடலும் இசையும் வணிகமும் வழிபாடும் ஒரே தெருவிற் கூடும் இரவுவாழ்வு கண்டியில் இதுவொன்றே எனலாம்.

இவ்வீதியின் இரவு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாகப் புகைப்படக்காரரை ஈர்த்து வந்துள்ளது. அஞ்சலட்டைகள், பயண நூல்கள், கலை நூல்கள், நாட்காட்டிகள், விளம்பரங்கள் எனப் பெரஹராப் படங்கள் எண்ணிறந்தன. வரலாற்று மாணவர் இவற்றைச் சான்றுகளாகக் கொள்கின்றனர்; கொள்ளவும் வேண்டும். ஆனால் ஒரு சான்று எதனைக் காட்டுகின்றது என்று வினவுவதற்கு முன்னர், அது எந்த வெளிச்சத்தில் எடுக்கப்பட்டது, அவ்வெளிச்சத்தைப் பிடித்து நின்றவர் யார் என வினவுதல் பயனுடைத்து. பெரஹரா வீதியைப் பொறுத்தவரை இவ்வினா வெறும் உருவகமன்று. அவ்வீதியின் வெளிச்சம் மனிதர் தோளிலும் கையிலும் சுமக்கப்பட்ட வெளிச்சம். அதனைச் சுமந்தோரே படங்களில் மிகக் குறைவாக இடம்பெற்றோர் என்பது இக்கட்டுரையில் நாம் நிறுவ முயலும் கருத்து.

பெரஹராவின் தோற்றம் பற்றிய நெடிய விவாதத்துள் இங்கு நாம் புகவில்லை. சில செய்திகளை மாத்திரம் நினைவுகூர்தல் போதுமானது. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்திற் சிறைப்பட்டிருந்து தப்பிச் சென்ற ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ், 1681 இல் வெளியிட்ட நூலில் இவ்விழாவை விவரிக்கின்றார். அவர் கண்டது தெய்வங்களின் ஊர்வலம். புத்தரின் தந்தச்சின்னம் அதிற் பங்குபெறவில்லை. அச்சின்னம் ஊர்வலத்தின் முன்னிடத்தைப் பெற்றது கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் (1747-1782) ஆட்சிக் காலத்தில், 1753 இல் சீயத்துப் பிக்குகள் வந்து உபசம்பதையை மீள நிறுவிய நிகழ்வுக்குப் பின்னரேயாகும். அம்மன்னன் நாயக்க மரபினன். தென்னிந்தியாவிலிருந்து வந்த அரச உறவினர் குடியிருந்த வீதியை ஆங்கிலேயர் பின்னர் மலபார் வீதி என்றே அழைத்தனர். இன்றுங்கூட மாளிகையின் ஊர்வலத்தைத் தொடர்ந்து நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் ஊர்வலங்கள் செல்கின்றன. கதிர்காம தேவாலய ஊர்வலத்திற் காவடி ஆடுகின்றனர். இறுதியில் வரும் பத்தினி நமது கண்ணகியே. ஓரினத்தின் தனிச்சொத்தாகக் காட்டப்படும் இவ்விழா, பல ஊற்றுகளிலிருந்து வந்து கலந்த ஆறு என்பதை வீதியோரத்தில் நின்று பார்ப்பவர் எவரும் உணரலாம்.

இனி வெளிச்சத்துக்கு வருவோம். நீண்ட கம்பின் நுனியில் இரும்புக் கூடு. அதனுள் எரிவது கொப்பறாத் துண்டுகள். ஊர்வலத்தின் இருமருங்கிலும் வரிசையாக நடப்போர் இதனை ஏந்திச் செல்கின்றனர். எரிந்து தணியும் கூட்டில் மேலும் கொப்பறா இடுவதற்கெனச் சிலர் கூடவே நடக்கின்றனர். பொறிகள் தோளிலும் தலையிலும் விழுகின்றன. சிங்களத்திலும் இதன் பெயர் நமது ‘பந்தம்’ என்ற சொல்லோடு ஒத்த ‘பந்தம’ என்பதே. இப்பணி கூலிக்குச் செய்யப்பட்ட பணியன்று. மாளிகைக்கும் தேவாலயங்களுக்கும் உரித்தான நிலங்களைப் பயிரிட்டோர், அந்நிலத்தின் பொருட்டுச் செலுத்திய சேவை அது. ஒவ்வொரு பங்குக்கும் உரிய சேவை இன்னதென வரையறுக்கப்பட்டிருந்தது. மேளமடித்தலும் ஆடுதலும் பெரவா சாதியினர்க்கு உரியன. துணி வெளுத்தலும் விரித்தலும் வேறொரு சாதியினர்க்கு. பல்லக்குச் சுமத்தலும் பந்தம் பிடித்தலும் இன்னும் பிறருக்கு. ஊர்வலத்தின் வரிசையொழுங்கு அந்த நிலமானிய சமூகத்தின் வரிசையொழுங்கேயாகும். 1832 இல் ஆங்கில அரசு இராஜகாரிய முறையை ஒழித்தபோது, கோயில் நிலங்களுக்குரிய சேவைகள் அவ்வொழிப்புக்குள் அடங்கவில்லை. 1870 ஆம் ஆண்டின் சேவை நிலவுடைமைக் கட்டளைச்சட்டம், சேவைக்குப் பதிலாகப் பணம் செலுத்தும் வழியைத் திறந்துவிட்டது. அதன்கீழ் நியமிக்கப்பட்ட ஆணையாளர்கள் ஒவ்வோர் ஊரிலும் எவருக்கு என்ன கடமை என்பதைப் பதிவேடுகளில் எழுதினர். ஓர் உண்மையை இங்கு மனங்கொள்ளல் தகும். பந்தம் ஏந்தியோரின் கடமைகள் அரச பதிவேட்டில் எழுதப்பட்ட அதே பத்தாண்டுகளிலேதான் கண்டியிற் புகைப்பட நிலையங்கள் பெருகின. பதிவேடு அவர்களைக் கடமையாளராகக் கண்டது. கமராவோ அவர்களைக் காணவேயில்லை.

ஏன் காணவில்லை? முதற் காரணம் வேதியியல் சார்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கையாளப்பட்ட ஈரக் கொலோடியன் தகட்டில், மருந்து பூசி, அது உலருமுன் படம் பிடித்து, உடனே கழுவிவிடவேண்டும். நல்ல பகல் வெளிச்சத்திலும் உருவம் பதியச் சில வினாடிகள் தேவைப்பட்டன. நடப்போரும் ஆடுவோரும் அதிற் புகைபோலக் கலங்கினர். அதனினும் முக்கியமான செய்தியொன்றுண்டு. அத்தகடுகள் நீல ஒளிக்கு மாத்திரமே நன்கு இசைந்தன. மஞ்சளும் சிவப்பும் அவற்றுக்கு ஏறத்தாழ இருள்தான். கொப்பறாப் பந்தத்தின் செம்மஞ்சள் ஒளி மனிதக் கண்ணுக்கு எத்துணை நிறைவாயினும், அத்தகட்டுக்கு இல்லாததற்குச் சமம். எல்லா நிறங்களையும் ஏற்கும் தகடுகள் சந்தைக்கு வந்தது 1906 அளவிலேயாம். 1887 இல் மக்னீசியப் பொடியைக் கொண்டு மின்னலென ஒளியெழுப்பும் முறை ஜெர்மனியிற் கண்டறியப்பட்டது உண்மையே. ஆயினும் அது வெடியோசையும் வெண்புகையும் எழுப்புவது. நூற்றுக்கணக்கான மக்களும் வரிசை யானைகளும் செல்லும் ஒடுங்கிய வீதியில் அதனைக் கொளுத்த எவர் துணிவர்!

ஆகவே படக்காரர் இரவை விட்டுப் பகலை நாடினர். பெரஹராவின் இறுதிநாளில், மகாவலியின் கெட்டம்பைத் துறையில் நீர்வெட்டுச் சடங்கு முடிந்தபின் பகல் ஊர்வலம் ஒன்று நடைபெறுவதுண்டு. பழைய படங்களிற் பெரும்பாலானவை வெயிலில் நிற்கும் யானைகளையும், மாளிகை முன்றிலில் அணிவகுத்த நிலமேமாரையும் காட்டுவதன் காரணம் இதுவே. மற்றொரு வழி, ஆட்டக்காரரை நிலையத்துக்கு அழைத்து வந்து, வரைந்த திரைச்சீலையின் முன் நிறுத்துவது. கண்டியில் நிலையம் அமைத்திருந்த ஜோசப் லோட்டன், அவருக்குப் பின்வந்த ஸ்கோவன் நிறுவனத்தார், கொழும்பிலிருந்து தொழில் நடத்திய ஸ்கீன் நிறுவனத்தார், 1890 இல் தொழில் தொடங்கிய பிளேட்டே நிறுவனத்தார் ஆகியோர் இத்துறையில் முன்நின்றனர். 1867 இல் புகையிரதம் கண்டியை எட்டியபின் பயணிகளும் தோட்டத்துரைமாரும் இப்படங்களை விரும்பி வாங்கினர். லோட்டன் 1870-71 இல் அநுராதபுர, பொலநறுவைச் சிதைவுகளைப் பிடித்த படங்கள் தொல்லியலுக்குக் கிடைத்த பெருஞ்செல்வம் என்பதில் ஐயமில்லை. கல் அசையாது; அதனை அவர் செம்மையாகப் பிடித்தார்.

நிலையத்துள் நிறுத்தப்பட்ட ஆட்டக்காரருக்கு நேர்ந்தது வேறு. கால் தூக்கியபடி, கை விரித்தபடி அவர்கள் உறைந்து நிற்கின்றனர். மேளம் இருக்கின்றது, அடி இல்லை. அணி இருக்கின்றது, ஆட்டம் இல்லை. படங்களின் கீழே பெரும்பாலும் ‘பேயாட்டக்காரர்’ என்ற பொருள்படும் ஆங்கிலச் சொற்கள் அச்சிடப்பட்டன. கொஹொம்பா கங்காரிய என்னும் சடங்கு, கிராமம் ஒன்றின் நலத்துக்காக இரவு முழுவதும் ஆடப்படுவது. நோய் நீங்கவும் விளைவு பெருகவும் தெய்வங்களை அழைப்பது. அதனை ஆடியோரைப் பேயாட்டக்காரர் என்றழைத்தது அறியாமை மட்டுமன்று, விற்பனைத் தந்திரமுமாகும். ஹம்பேர்க் நகரத்து விலங்கு வணிகரான கார்ல் ஹாகன்பெக் 1880களில் இலங்கையிலிருந்து யானைகளையும் ஆட்டக்காரரையும் ஒருசேரக் கொண்டுசென்று ஐரோப்பிய நகரங்களிற் காட்சிப்படுத்தினார் என்ற உண்மையோடு இப்படக்குறிப்புகளைச் சேர்த்துப் படித்தல் வேண்டும். யானையும் மனிதனும் ஒரே விலைப்பட்டியலில் ஏறிய காலம் அது.

பெயரின்றி நிற்போரைப் பற்றிப் பேசும்போது இன்னொரு செய்தியும் நினைவுக்கு வருகின்றது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞரான ஜூலியா மார்கரெட் கமரன் 1875 இல் இலங்கைக்குக் குடிவந்து, 1879 இல் டிக்கோயாவில் இறந்து, பொகவந்தலாவையில் அடக்கஞ் செய்யப்பட்டார். இங்கிலாந்தில் அவர் பிடித்த தெனிசனும் டார்வினும் பெயரோடு நிற்கின்றனர். இங்கு அவர் பிடித்த தோட்டத் தொழிலாளர் அனேகமாகப் பெயரில்லாதவர்கள். எஞ்சியுள்ள அச்சில படங்கள் நம்மவரின் மிகப் பழைய முகங்களுட் சில.

இதே காலப்பகுதியில் ஏனைய நகரங்களின் இரவு எவ்வாறு படமாயிற்று என்பதை ஒப்புநோக்கலாம். நியூயோர்க்கில் ஜேக்கப் றீஸ் என்ற செய்தியாளர் மின்னற்பொடியின் உதவியுடன் ஏழைகளின் இரவு விடுதிகளுட் புகுந்து பிடித்த படங்கள், 1890 இல் வெளியான அவரது நூலுக்கு அடிப்படையாயின. வீட்டு வசதிச் சீர்திருத்த இயக்கத்துக்கு அவை வலுவூட்டின. லண்டனில் போல் மார்ட்டின் 1890களின் நடுப்பகுதியில் வாயு விளக்கொளியை மட்டும் நம்பி மழைநனைந்த வீதிகளைப் பிடித்தார். 1930களின் தொடக்கத்தில் ஹங்கேரியரான பிறசாய் பாரிஸ் இரவுகளை நூலாக்கினார். அவரது படங்களில் விலைமாதர், காவலர், தெருத் தொழிலாளர், நடன விடுதியினர் யாவரும் தத்தம் இடத்தில், தத்தம் விளக்கொளியில் நிற்கின்றனர். வீதியின் கலையும் வீதியின் வாழ்வும் அங்கு பிரிக்கப்படவில்லை. கண்டிக்கு ஒரு பிறசாய் வாய்க்காதது ஏன்? தனிமனித ஆற்றலின் குறைவென்று இதனைக் கொள்ளல் பொருந்தாது. அந்நகரங்களிற் படம் பார்த்தோரும் படத்தில் நின்றோரும் ஒரே நகரத்தவர். ஒருவர் மற்றவருக்கு அரசியற் கேள்வியாக இருந்தனர். கண்டியில் படம் வாங்கியோர் கப்பலேறிச் செல்பவர்கள். அவர்களுக்குக் கேள்வி தேவைப்படவில்லை, நினைவுப்பொருளே தேவைப்பட்டது.

இப்போக்கிலிருந்து விலகிய முயற்சிகள் இரண்டு. ஒன்று ஆனந்த குமாரசுவாமியினது. 1908 இல் முற்றுப்பெற்று 425 பிரதிகள் மாத்திரம் அச்சிடப்பட்ட அவரது ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ நூலுக்கான புகைப்படங்களை அவருடைய துணைவியார் எதெல் எடுத்தார். கண்டி நாட்டுக் கைவினைஞரின் ஊரும் தொழிலும் கருவியும் அந்நூலில் மதிப்போடு பதிவாயின. தும்பறைப் பகுதியிற் பாய் நெய்யும் கின்னர சாதியினர், சமூகத்தின் அடித்தட்டில் வைக்கப்பட்டோர், அவரது நூலிற் கலைஞராக இடம்பெற்றமை சிறிய செய்தியன்று. ஆயினும் நிலத்தோடும் சாதியோடும் பிணைக்கப்பட்ட சேவையை அவர் ஓர் இணக்கமான ஒழுங்காகவே கண்டார்; அதன் கட்டாயத்தை அவர் அழுத்திக் கூறவில்லை. இக்குறையைச் சுட்டுவதால் அவரது தொண்டு சிறுமையடையாது.

மற்றையது லயனல் வென்ற்றினுடையது. 1900 இற் பிறந்து 1944 இல் மறைந்த இவர் சட்டம் படித்தவர், பியானோ வல்லுநர், 1943 இல் தோன்றிய ‘நாற்பத்துமூன்று குழு’வின் உயிர்நாடி. கண்டியிற் பிறந்த ஓவியர் ஜோர்ஜ் கீற் அவருக்கு நெருங்கிய நண்பர். 1934 இல் பசில் றைற் இயக்கிய ‘இலங்கைப் பாடல்’ என்ற விவரணத் திரைப்படத்திற்கு அவர் வழிகாட்டியாகவும் குரல் கொடுப்பவராகவும் அமைந்தார். அவர் வாசித்தது, மேலே நாம் குறிப்பிட்ட நொக்ஸின் நூற்பகுதிகளை. படத்துக்குப் பொருளுதவி செய்தது தேயிலைப் பிரசார சபை. நான்கு பகுதிகளாக அமைந்த அப்படத்தின் மூன்றாம் பகுதி வணிகத்தின் குரல்களைப் பற்றியது. தேயிலையும் தந்தியும் கப்பலும் சந்தை விலையும் அதில் ஒன்றன்மேலொன்றாக ஒலிக்கின்றன. நான்காம் பகுதி தெய்வத்தின் அணிகளைப் பற்றியது. கண்டி ஆட்டக்காரரின் வேகமான ஆட்டம் அதில் இடம்பெறுகின்றது. நிலையத்துத் திரைச்சீலை முன் உறைந்து நின்ற ஆட்டக்காரன் இங்குதான் முதன்முறையாக உண்மையில் ஆடுகின்றான். பாதம் நிலத்தைத் தொடும் கணமும் மேளத்தின் அடியும் ஒன்றாகின்றன. இது பெரிய பேறு. ஆனால் அவன் ஆடுவது பகலொளியில். சுற்றிலும் பெரஹரா வீதி இல்லை. பந்தமும் இல்லை, பார்க்க வந்த கூட்டமும் இல்லை. தேயிலை பறிப்போரும் ஆடுவோரும் ஒரே படத்தின் அடுத்தடுத்த பகுதிகளில் வருகின்றனர். அவ்விரு சாராரையும் இணைத்த நிலத்தின் கதையைப் படம் பேசுவதில்லை. பேசியிருப்பின் தேயிலைச் சபை பணம் கொடுத்திருக்குமா என்பது வேறு கேள்வி.

வென்ற் தாமே எடுத்த ஆட்டக்காரர் படங்கள் இதே திசையில் மேலும் சென்றன. ஒளியை எதிர்நிலையாக்கும் உத்தி, பல படிமங்களை ஒன்றிணைக்கும் உத்தி முதலியவற்றில் அவர் கைதேர்ந்தவர். உழைக்கும் உடலின் அழகை அவரைப்போற் கண்டவர் இந்நாட்டுப் புகைப்படக் கலையில் எவருமிலர். வெஸ் முடியின் வெள்ளித் தகடுகளும், வியர்த்த தோளும், நெஞ்சை மூடும் மணிவலையும் அவரது படங்களில் தனிச்சிறப்புப் பெறுகின்றன. எனினும் அந்த அழகு தனிமைப்படுத்தப்பட்ட அழகு. வெளிச்சம் எங்கிருந்து வரவேண்டும் என்பதைக் கலைஞரே தீர்மானிக்கின்றார். அது வேறொருவன் ஏந்திவரும் வெளிச்சமன்று. அவரது மறைவின் பின்னர் அவருடைய படச்சுருள்களும் தகடுகளும் அழிக்கப்பட்டன. 1950 இல் லண்டனில் வெளியான தொகுப்பும் எஞ்சிய பிரதிகளுமே நமக்குக் கிடைத்தவை. எதிர்ப்படிமங்கள் பேணப்பட்டிருப்பின், நூலிற் சேர்க்கப்படாத வீதிக் காட்சிகளும் அவற்றுள் இருந்திருக்கக்கூடும் என்று எண்ணாதிருக்க இயலவில்லை.

அதே ஆண்டில், அதாவது 1950 இல், கண்டி ஆட்டக்காரனின் உருவம் 4 சத அஞ்சல் முத்திரையில் ஏறியது. வெஸ் ஆட்டம் கிராமச் சடங்கிலிருந்து பெரஹராவுக்கு வந்தது இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே என்பது ஆய்வாளர் கருத்து. அங்கிருந்து மேடைக்கும், பாடசாலைப் பாடத்திட்டத்துக்கும், அரச விழாவுக்கும் அது வந்து சேர ஐம்பது ஆண்டுகள்கூடத் தேவைப்படவில்லை. 1934 இல் இலங்கை வந்த தாகூர் இவ்வாட்டத்தைப் போற்றியமையும், சித்திரசேன போன்றோர் அதனை நவீன மேடைக்கேற்ப வடிவமைத்தமையும் இதற்குத் துணைசெய்தன. இதனால் நித்தவெலை, அமுனுகம போன்ற ஊர்களின் ஆட்ட மரபுகள் நாடறியும் புகழெய்தின. ஆனால் ஒரு முரண்பாடு எஞ்சியது. ஆட்டம் தேசியச் செல்வமாயிற்று. அதனைக் காத்துவந்த பெரவா சமூகத்தினர்மீதான சாதி இழிவு அதே வேகத்தில் அகலவில்லை. வகுப்பறையில் அவ்வாட்டத்தை மேற்சாதிப் பிள்ளைகள் பயின்றனர். ஊர்வலத்தில் அதன் சேவைக் கடமை பழைய குடும்பங்களிடமே தங்கியது. எச். எல். செனவிரத்ன 1978 இல் வெளியிட்ட கண்டி அரசின் சடங்குகள் பற்றிய ஆய்வு, பழைய நிலமானிய உறவுகள் புதிய அரசியல் அதிகாரத்தின் காட்சிப்பொருளாக மாறிய விதத்தை விளக்குகின்றது. இத்துறையிற் புகுவோர் அதனைப் புறக்கணித்தல் ஆகாது.

நூற்றாண்டின் பிற்பாதியில் வேகமான படச்சுருளும், சட்டென மின்னும் மின்விளக்கும், வண்ணமும் வந்தன. முதன்முறையாக இரவைப் பிடிக்க முடிந்தது. அப்பொழுதும் பந்தக்காரர் படத்துள் வந்தாரல்லர். காரணம் இம்முறை நேரெதிரானது. மின்னல் விளக்கின் வெண்மை, பந்தத்தின் செம்மையை விழுங்கிவிடுகின்றது. இருள் அழிகின்றது, யானையின் பட்டாடையும் மணிகளும் பளபளக்கின்றன, ஓரத்தில் நிற்பவனின் பாதித்தோள் படச்சட்டத்தாற் துண்டிக்கப்படுகின்றது. அண்மைக் காலத்தில் யானைகளின் ஆடைகளிலேயே சிறு மின்விளக்குகள் ஒளிர்வதால், படத்துக்குப் பந்தம் தேவைப்படாத நிலையும் வந்துவிட்டது. நீண்டகாலம் தந்தப் பேழையைச் சுமந்து 1988 இல் இறந்த ‘இராஜா’ என்ற யானை, பாடஞ்செய்யப்பட்டு மாளிகை வளவில் தனிக் காட்சிக்கூடத்தில் வைக்கப்பட்டுள்ளது. இராஜாவின் படங்கள் எல்லாவற்றிலும் அதன் பெயர் உண்டு. அதற்குச் சமமாக நடந்து ஒளி காட்டியோர் எவரது பெயரையும் எந்தப் படக்குறிப்பிலும் நாம் கண்டதில்லை. யானைமீது நமக்கு வழக்கொன்றுமில்லை. வழக்கு படக்குறிப்பை எழுதியோர் மீதுதான்.

பெரஹரா இல்லாத இரவுகளும் இவ்வீதிகளுக்கு உண்டு. ஊர்வலம் என்பது இடத்தின் மீதான உரிமைக்கோரலுமாகும். ஆதலின் யாருடைய மேளம், எந்த வாசலின் முன், எந்நேரத்தில் ஒலிக்கலாம் என்ற பிணக்கு அதனோடு உடன்பிறந்தது. கம்பளையில் வலஹாகொடத் தேவாலயப் பெரஹரா பள்ளிவாசலைக் கடக்கும்போது மேளம் அடிக்கலாமா என்ற வழக்கில், 1914 இல் மாவட்ட நீதிமன்றம் தேவாலயத்தின் பக்கமும், 1915 இல் உயர்நீதிமன்றம் அதற்கு மாறாகவும் தீர்ப்பளித்தன. 1915 மே 28 இரவு கண்டி காசில் ஹில் வீதியில், வெசாக் பக்திப்பாடல் ஊர்வலம் பள்ளிவாசலருகே வந்தபோது மூண்ட மோதல், நாடெங்கும் முஸ்லிம்களுக்கெதிரான வன்முறையாகப் பரவிற்று. அரசு இராணுவச் சட்டத்தாற் பதிலளித்தது. அவ்விரவு வீதியில் நடந்ததை ஆணைக்குழுச் சாட்சியங்களிலும் நீதிமன்ற ஏடுகளிலும் தேடவேண்டியுள்ளது. செம்மஞ்சள் ஒளியைக் காணாத கமரா, எரியும் கடையையும் கண்டிராது.

ஏறத்தாழ நூறாண்டுகளின் பின்னர், கண்டியிலிருந்து தென்னக்கும்புறப் பாலத்தால் மகாவலியைக் கடந்து கிழக்கே செல்லும் வீதியிலுள்ள திகனவில், 2018 மார்ச் 5 இல் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. எரிந்த கட்டடமொன்றில் இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். மறுநாள் அவசரகாலநிலை பிறப்பிக்கப்பட்டது. இம்முறை வீதியிற் கமராக்கள் இருந்தன: கடைவாசற் கண்காணிப்புக் கமரா, கைத்தொலைபேசிக் கமரா. தாக்கியோர் யார், காவற்கடமையிலிருந்தோர் என்ன செய்தனர் என்ற வினாக்களுக்கு அப்பதிவுகள் சாட்சியாக முன்வைக்கப்பட்டன. வன்முறையைத் தூண்டிய ஒளிப்பதிவுகளும் அதே கருவிகளின் வழியே பரவின என்பதையும் மறைத்தற்கில்லை. கலைக்காகவன்றி, நீதிக்காக ஒரு தெருவின் படங்கள் கூர்ந்து பார்க்கப்பட்டன. படச்சட்டத்தின் ஓரத்தில் நிற்பவன் யார் என்று கேட்கும் பழக்கம் அங்கே ஆய்வாளனின் நுணுக்கமாக இருக்கவில்லை. உயிரிழந்தோர் குடும்பத்தினரின் தேவையாயிற்று.

தலதா வீதியின் தோற்றமும் மாறிவிட்டது. 1998 ஜனவரி 25 இல் விடுதலைப் புலிகளின் குண்டுத்தாக்குதல் மாளிகையின் முகப்பைச் சிதைத்து உயிர்களையும் பறித்தபின், மாளிகை முன்னாலுள்ள வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டது. பெரஹரா மட்டும் அவ்வழியே சென்று வந்தது. பெருந்தொற்றுக் காலமான 2020 இலும் 2021 இலும் பொதுமக்களுக்கு வீதியோரத்தில் நிற்க அனுமதியில்லை. பாய் விரித்தோரில்லை, கச்சான் விற்போரில்லை, மாடிச் சன்னல்களில் முகங்களில்லை. தொலைக்காட்சிக் கமராக்களே பார்வையாளராய் நின்றன. வீதியெங்கும் மின்விளக்கு எரிந்தது. கமராவுக்குப் பந்தத்தின் ஒளி அவசியப்படவில்லை. ஆயினும் வெறுமையான நடைபாதைகளுக்கு நடுவே, இருமருங்கிலும், கொப்பறாக் கூடுகளை உயர்த்திப் பிடித்தபடி அவர்கள் வழமைபோல் நடந்து சென்றனர்.